மறு: ஆட்டோமேட்டிக் பாக்கெட் கத்திக்கு என்ன சொல் வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கமுங்க.

கத்தி வாங்குவோருக்குக் கையேடு எழுதும் தம்பி கேட்டது ஒரே ஒரு சொல். இழை நீண்டுகொண்டே போகிறது. வந்த முன்மொழிவுகளை எடுத்துப் பார்த்துவிடலாம். நான் கோவை கணபதியில் ஸ்பிரிங் சுற்றும் பட்டறை வைத்திருக்கிறவன். எனக்குச் சொல்லைவிட உள்ளே இருக்கும் பொறிதான் முதலில் கண்ணில் படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'தானியங்கிக் கத்தி' என்பது நேரடியாக இருக்கிறது. இதற்கு மேல் ஏன் குழப்பம்?

எது தானாக இயங்குகிறது? சோமனூரில் தானியங்கித் தறி என்றால் ஆள் தொடாமல் அதுபாட்டுக்கு ஓடும். இந்தக் கத்தியில் அலகு வெளியே வருவது மட்டும்தான் ஸ்பிரிங்கின் வேலை, அதுவும் ஒருவர் விரல் வைத்தால்தான். மடக்குவதும் வெட்டுவதும் நம் கைதான்.

> விசைக்கத்தி?

பல்லடத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள், மோட்டார் எங்கே என்று கேட்பார்கள். விசைத்தறி ஊர்களில் விசை என்றாலே கரண்ட்.

> பட்டன் கத்தி என்று மக்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள். 'பொத்தான் கத்தி' ஆக்கினால் போதும்.

வந்ததில் வலுவான முன்மொழிவு இதுதான். வடக்கேயும் அப்படித்தான் பெயர். தில்லி நிர்வாகம் 1980இல் வெளியிட்ட அறிவிக்கையிலேயே 'பட்டன்தார்' என்ற சொல் இருக்கிறது. பேச்சில் பட்டன் கத்தி இருந்துவிட்டுப் போகட்டும். கலைச்சொல்லாக வைத்தால்தான் சிக்கல். பட்டன் பூட்டு உள்ள சாதாரண மடக்குக் கத்திகள் இன்று நிறைய வருகின்றன. அதில் பட்டன் பூட்டை விடுவிக்கத்தான், அலகைத் திறக்க அல்ல. விரலால் தள்ளித்தான் திறக்க வேண்டும். இன்னொரு பக்கம், பிடியின் முனை வழியாக அலகு நேராக வெளியே வரும் வகையில் பெரும்பாலும் பட்டனே கிடையாது, தள்ளுகட்டைதான். ஆக, பொத்தான் உள்ளதெல்லாம் அந்த வகை இல்லை, அந்த வகையில் எல்லாவற்றிலும் பொத்தான் இல்லை. கையேட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் தவறான பொருளோடு வீட்டுக்கு வருவார்.

'சுருள்வில் கத்தி'க்கும் இதே கதை. தாத்தா காலத்துப் பேனாக்கத்தியின் முதுகில்கூட ஒரு பட்டை ஸ்பிரிங் உண்டு. அது அலகைப் பிடித்து நிறுத்துமே ஒழியத் திறக்காது.

அப்புறம் எதை வைத்துப் பெயரிடுவது? விரலின் பலம் எங்கே விழுகிறது என்பதை வைத்து. இந்த வரையறையை அமெரிக்கச் சட்டம் தெளிவாகச் செய்திருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிடியில் உள்ள பொத்தானிலோ வேறு அமைப்பிலோ கை அழுத்தம் கொடுத்ததும் அலகு தானே திறந்தால் அது தடைக்குள் வரும். 2009இல் ஒரு விலக்கு சேர்த்தார்கள்: அலகு மூடியே இருக்கும்படி உள்ளே ஒரு இழுப்பு இருந்து, அதை மீறி அலகின்மேலேயே கைபலம் கொடுத்துத் திறக்க வேண்டியிருந்தால் அது தடைக்குள் வராது. பாதி தூரம் விரல், மீதி தூரம் ஸ்பிரிங் என்று வரும் கத்திகள் இப்படித்தான் தப்பின.

ஆகவே மூன்று வகைக்கு மூன்று சொல் வேண்டும். முழுக்க விரலால் திறப்பது கைவிரி. விரல் தொடங்கி ஸ்பிரிங் முடிப்பது துணைத்தெறி. ஸ்பிரிங் முறுக்கேறிக் காத்திருந்து, தடையை எடுத்ததும் அலகை வெளியே வீசுவது தெறிகத்தி.

'தெறி' எனக்குப் பட்டறையிலிருந்தும் தறிக்குடோனிலிருந்தும் வந்த சொல். அடக்கி வைத்த பலம் சட்டென்று விடுபட்டால் நாம் வேறெப்படிச் சொல்கிறோம்? நாடா தெறித்தது, ஸ்பிரிங் தெறித்தது. ஊறுகாய், குடிநீர் போல இதுவும் வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று வேண்டாம்.

ஒற்று என்றதும் இன்னொன்று. பாக்கெட் கத்திக்குச் சிலர் 'சட்டைப்பைக் கத்தி' என்று எழுதியிருந்தார்கள். கத்தியைச் சட்டைப்பையில் யாருங்க வைக்கிறார்கள்? வேட்டிக்காரருக்கு மடி, இல்லாவிட்டால் உள்ளே பட்டாபட்டியின் பை. ஒற்றோடு மடிக்கத்தி என்றால் மடியில் வைப்பது, ஒற்றில்லாமல் மடிகத்தி என்றால் மடிவது. இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று யாரோ எழுதப் போகிறீர்கள் என்று தெரியும், நானே எழுதிவிட்டேன்.

இனிக் கையேட்டுக்கு. தம்பி, சொற்பட்டியலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றாடம் வைத்துக்கொள்ளத் தெறிகத்திதான் வேண்டுமா என்பதைக் கையில் இருக்கும் வேலைதான் தீர்மானிக்கும். ஒரு கையில் கன்றின் கயிறோ சொட்டுநீர்க் குழாயோ இருக்கும்போது மறு கையால் திறக்க அது வசதி. மஞ்சள் மூட்டையின் தையலைப் பிரிக்கக் கைவிரியே தாராளம். வாங்குவதென்றால் அலகு 3 அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும். பொத்தான் பிடியின் மட்டத்துக்குக் கீழே பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாக ஒரு காப்புப் பூட்டு வேண்டும். இரண்டும் இல்லாத தெறிகத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு குனியாதீர்கள். திறந்தபின் அலகைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விலை குறைத்தாலும் வேண்டாம்.

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ வேலை செய்கிறவர்களுக்கு முனைவழி வரும் வகையை நான் சொல்லவே மாட்டேன். தள்ளுகட்டையாலேயே வெளியேயும் உள்ளேயும் போகும் கத்திகளில் ஸ்பிரிங் அலகைச் சிறிது தூரம்தான் உந்தும், மீதி தூரத்தை அலகு வந்த வேகத்திலேயே கடக்கிறது. தடத்தில் பஞ்சு அடைந்தால் பாதியில் நின்றுவிடும். எஃகைப் பொறுத்தவரை டி2 கூர் நிற்கும், ஆனால் முழுத் துருவேறா எஃகு அல்ல. வியர்வையிலும் வாழைக்கறையிலும் கறுக்கும். தோட்டத்துக்கு 14சி28என் போன்ற துருவேறா எஃகு மேல்.

சட்டத்தையும் ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள். நம் ஆயுத விதிகளின் அட்டவணை 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைக் குறிக்கிறது. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் நான் சொன்ன அந்தத் தில்லி அறிவிக்கை ஸ்பிரிங் கத்திக்கு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்று அளவை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. நான் சொன்ன 3 அங்குலமும் அதே 7.62 செ.மீ.தான். வடக்கே போகிறவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பீளமேட்டில் விமானம் ஏறுகிறவர் எந்தக் கத்தியையும் கைப்பையில் வைக்கக் கூடாது.

*

(ஈரோட்டிலிருந்து மறுமொழி)

தம்பி, பொறியை வைத்துப் பிரித்தது சரி. கைவிரி, துணைத்தெறி இரண்டையும் ஏற்கிறேன். தெறிகத்தியில்தான் ஒரு தயக்கம். தெறித்தல் என்றால் உடைந்து சிதறுவதும்தானே? "கத்தி தெறித்துவிட்டது" என்றால் அலகு முறிந்தது என்றுதான் எங்கள் தெருவில் எடுத்துக்கொள்வார்கள். என் மாணவர்களுக்கோ தெறி என்றால் 'பிரமாதம்'. 'சொடுக்குகத்தி' பார்க்கலாமா? ஆங்கிலேயரும் பிளிக் (சொடுக்கு) நைஃப் என்றுதான் சொல்கிறார்கள்.

*

ஐயா, சொடுக்கு காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கைவிரியில் ஒரு வகை, அலகின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை விரலால் சொடுக்கித்தான் திறக்கிறது. அதில் ஸ்பிரிங்கே இல்லை. சொடுக்கை அதற்கு விட்டுவைப்போம், சொடுக்குவிரி என்று. முறிவதைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். "அலகு முறிந்தது" என்றே கையேட்டில் எழுதச் சொல்லிவிடலாம். பையன்கள் 'பிரமாதம்' என்று எடுத்துக்கொண்டால் விற்பனைக்கு நல்லதுதான்.

மறுப்பு வராவிட்டால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். முனைவழி வகைக்கு 'முன்தெறி' என்று நான் வைத்திருக்கிறேன், 'நேர்தெறி' என்று ஒருவர் தனி மடலில் எழுதினார். பக்கவாட்டில் விரிவதோடு ஒப்பிட்டால் எது சட்டென்று புரிகிறது என்று சொல்லுங்கள்.