மறு: ‘ஸ்டேல் லாக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ‘ஸ்டேல் லாக்’ என்றால், கோப்பைத் திறந்தவர் போன பிறகும் நீங்காமல் கிடக்கும் பூட்டு. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டதற்கு வந்த பதில்களுக்கு இது என் மறுமொழி.

> காலாவதிப் பூட்டு என்றே வைத்துவிடலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் தப்பாகப் புரியும். அதற்கு நாங்கள் ஒரு ராத்திரியை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் ஒரு யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். (2019-இல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னமும் வட ஆற்காடுதான்.) எல்லாக் கணினியிலும் உபுண்டு என்ற லினக்ஸ்; கணக்கு ஷீட்டுக்கு லிப்ரே ஆபிஸ். லைன் சூப்பர்வைசர்கள் ஆளுக்கொரு ஷீட்டைப் பொதுக் கோப்புறையில் வைத்திருப்பார்கள். மேக்ரோ (தானாக ஓடும் குட்டி நிரல்) ஒவ்வொன்றாகத் திறந்து, ஜோடிக் கணக்கைக் கூட்டி, அடியில் ஒரு வரி எழுதிவிட்டு மூடும்.

யாராவது ஷீட்டைத் திறந்தால் பக்கத்திலேயே ஒரு குட்டிப் பூட்டுக் கோப்பு உருவாகும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. திறந்தவர் யார், எந்தக் கணினி, எத்தனை மணி என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். ஒழுங்காக மூடினால் அதுவும் போய்விடும். கரண்ட் போய் மெஷின் அணைந்தால் அப்படியே கிடக்கும். மேக்ரோ வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் மதியம் அப்படித்தான் நின்றது. புதிதாகச் சேர்ந்த பையன் பூட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தான். காலை எட்டே முக்கால் என்று இருந்தது. “பழசு சார்” என்று சொல்லி டெலீட் செய்துவிட்டான். லினக்ஸில் அது வெறும் கோப்புதானே, மறுபேச்சில்லாமல் போய்விட்டது. ஆனால் அந்த ஷீட்டுக்குரிய சூப்பர்வைசர் காலையிலிருந்து அதே ஷீட்டில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். மேக்ரோ உள்ளே போய்த் தன் வரியை எழுதிச் சேமித்தது. பிறகு அவர் சேமிக்கப் போனபோது, ‘வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள், ஆனாலும் சேமிக்கவா?’ என்று கேட்டிருக்கிறது. நம்மில் யார் அதையெல்லாம் படிக்கிறோம்? அழுத்திவிட்டார். மேக்ரோ எழுதியது போச்சு. கணக்கு எங்கே இடிக்கிறது என்று ராத்திரி ஒன்பது வரை தேடினோம்.

ஆக, இதில் வயதுக்கு வேலையே இல்லை. ஐந்து நிமிடம் முன்பு போட்ட பூட்டுக்கும் ஆள் இல்லாமல் போகலாம்; காலையில் போட்ட பூட்டுக்கு மாலையிலும் ஆள் இருக்கலாம். ‘காலாவதி’ என்றால் மாத்திரை அட்டையைப் பார்ப்பதுபோல் தேதியைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கணினியின் பெயரை. எழுந்துபோய் அங்கே ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் முடிந்தது.

> அப்படியென்றால் அநாதைப் பூட்டு?

பொருள் கிட்டே வருகிறது. ஆனால் தன்னைத் தொடங்கிவைத்த தாய் நிரல் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் ‘ஆர்ஃபன் (அநாதை) பிராசஸ்’ ஒன்று இருக்கிறதே, அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

என் பரிந்துரை: ஆளில்லாப் பூட்டு. நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைக் கேலி செய்வதைக் கேட்டே வளர்ந்தவனுக்கு இந்த அமைப்பு தானாக வாயில் வருகிறது. (கோயில் விஷயத்தில் அந்தக் கேலி 1981-இலேயே செல்லாமல் போய்விட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பிவிட்டார்.)

ஆளில்லா விமானம், ஆளில்லா ரயில்வே கேட் என்பவற்றோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குழம்பும்தான். ‘உடையவரில்லாப் பூட்டு’ என்றால் குழப்பம் இல்லை, ஆனால் பட்டனில் இடம் கொள்ளாது. எதிர்ச்சொல்லும் எளிதாகக் கிடைக்கிறது: ஆளுள்ள பூட்டு. இப்போது எங்கள் மேக்ரோ பூட்டைப் பார்த்ததும் நின்று, இப்படிக் கேட்கிறது:

‘இது ஆளில்லாப் பூட்டுதானா? லைன் 4 கணினியில் பார்த்துவிட்டீர்களா?’

பையன் இப்போது எழுந்துபோய்ப் பார்க்கிறான். வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.