பெண்ணியக் கனவுலகக் கதைகளில் மதம்: வாசித்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பெண்ணியக் கனவுலகக் கதைகளில் (பெண்களுக்கு ஏற்ற நல்ல உலகைக் கற்பனை செய்யும் கதைகளில்) மதம் என்னவாகிறது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

வங்காள எழுத்தாளர் ரொகேயா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் வந்தது. அந்தக் கனவில் வரும், பெண்கள் ஆளும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருந்து சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். மதம் என்பது அங்கே அன்பும் உண்மையும்தான். ஒரு சின்ன விவரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புனிதமான உறவு, அதாவது மணம் செய்யக் கூடாத, பர்தா இல்லாமல் பழகக்கூடிய நெருங்கிய உறவு என்ற வட்டம் அங்கே மிகப் பெரியது. தூரத்து உறவுக்காரனும் கூடப்பிறந்தவன் மாதிரியே புனிதமானவன். மத விதியைத் தூக்கியெறியாமல் உள்ளிருந்தே விரித்துவிடுகிறார் ரொகேயா. அபாரமான யோசனை!

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘ஹெர்லேண்ட்’ நாவல் (1915) வேறு மாதிரி. ஆண்களே இல்லாத நாடு, தாய்மைதான் வழிபாடு. இறந்த பச்சைக் குழந்தைகளும் நரகத்துக்குப் போவார்கள் என்று வெளியுலகில் சிலர் நம்பியதைக் கேட்டதும் அந்த நாட்டுப் பெண் எல்லடோர் கலங்கிப்போய்க் கோயிலுக்கு ஓடுகிறாள். மனதைப் பிசையும் இடம் அது. ஆனாலும் தாய்மையையே தெய்வமாக்கிவிட்டால், தாயாக விரும்பாதவளுக்கு அங்கே என்ன மரியாதை? பெண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வேலையையே பீடத்தில் ஏற்றிவைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். மதமே இல்லாத, அல்லது ஆணும் பெண்ணும் சமமாகச் சடங்குகளை நடத்துகிற கனவுலகக் கதைகள் தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் எழுதியவை என்றால் இன்னும் நல்லது, சிறுகதையானாலும் போதும். அப்புறம், கில்மனை நான் வாசித்த விதம் சரியில்லை என்று நினைப்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள். அதுதான் இப்போது எனக்கு அதிகம் தேவை.