"தூக்கம் வரலைங்க": கொரோனா காலத்தில் ஹெல்ப்லைனில் பேசியவர்கள், கேட்டவர்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். 2020 ஏப்ரலிலிருந்து ஐந்து மாதம் ஒரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி ஆலோசகராக இருந்தேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். இரண்டு நாள் பயிற்சி, ஒரு ஹெட்செட், கேட்க வேண்டிய கேள்விகள் அச்சடித்த ஒரு தாள். காய்ச்சல் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சாப்பாடு வருகிறதா. நான்காவதாக, "மனநிலை எப்படி இருக்கிறது?"

அந்த நான்காவது கேள்விக்கு எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கேன்." அந்த ஐந்து மாதத்தில் தானாக "மன அழுத்தம்" என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. தூக்கம் வரலைங்க, நெஞ்சு படபடங்குது, சோறு இறங்க மாட்டேங்குது, சும்மா சும்மா எரிச்சலா வருது. இப்படித்தான் வரும். ரேஷன் எப்போது போடுவார்கள் என்று கேட்டு முடித்துவிட்டு, வைக்காமல் அப்படியே இருப்பார்கள். அந்த அமைதியில்தான் விஷயம் இருக்கும். இரண்டு வாரத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். அதற்கு மட்டும் பதில் வந்துகொண்டே இருந்தது.

இன்னொன்று. அந்த மாதங்களில் எந்த எண்ணை அழைத்தாலும் மணிக்கு முன் கொரோனா அறிவிப்பு ஓடும், ஆரம்ப நாட்களில் இருமல் சத்தத்தோடு. தொண்டை கரகரத்தாலே பதறுகிற ஆள் ஆறுதலுக்கு போன் போட்டால் முதலில் காதில் விழுவது இருமல்! யார் யோசனையோ.

மறக்க முடியாத அழைப்பு ஏப்ரலில் வந்தது. மார்ச் 24 மாலையோடு டாஸ்மாக் மூடியாயிற்று. ஒரு அக்கா பேசினார். வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த சரக்கு தீர்ந்து மூன்று நாளாம். "கை உதறுதும்மா, தண்ணி டம்ளரைப் பிடிக்க முடியல. ராத்திரி முழுக்க சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னா கோயிலும் பூட்டியிருக்கு."

பக்கத்தில் இருந்த மனநல மருத்துவரிடம் ஹெட்செட்டைக் கொடுத்தேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார்: எத்தனை வருஷமாக தினமும் குடிக்கிறார், வலிப்பு வந்ததா. உடனே 108-க்குச் சொல்லச் சொன்னார். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில நாட்களில் குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது, வலிப்பு என்று போகலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் முழுக்கக் குடிகாரர் மீம்ஸ் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

சென்னையிலிருந்து:

நான் அந்தப் பக்கம் இருந்தவன். 2020 ஜூனில் எனக்கு பாசிட்டிவ். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. தொற்று வந்த வீடு என்று வாசலை அடைத்து அடித்த தகரம்தான் விடவில்லை. ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தால்கூட டங்கென்று சத்தம் வரும். பத்து வருடம் பழகிய பால்காரர் பையைத் தெருமுனையில் வைத்துவிட்டு ஓடுவார். மாநகராட்சியிலிருந்து தினமும் ஒரு பெண் போனில் பேசுவார். ஒன்பதாம் நாள் அவரிடம் கத்திவிட்டேன், ஏதோ அவர்தான் தகரம் அடித்ததுபோல. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், நாளைக்குப் பதினோரு மணிக்குப் பேசுறேன்" என்றார். மறுநாள் சரியாகப் பதினோரு மணிக்கு மணி அடித்தது. அன்று முழுக்க கிரிக்கெட் பேசினோம்.

* * *

கடலூரிலிருந்து:

2021 மே. அப்பா ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்திருந்தே போய்விட்டார். சுற்றிக் கட்டித் தந்தார்கள், முகம் பார்க்கவில்லை. காரியத்துக்கு ஆள் வரவில்லை. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு ஒரு எண்ணை அழைத்தேன். எடுத்தவர் இந்தியில் பேசினார், தமிழ் என்றதும் காத்திருக்கச் சொன்னார், அப்புறம் கட் ஆகிவிட்டது. இதையும் பதிவு செய்யத்தான் எழுதுகிறேன்.

மறுநாள் அரசின் 104 ஹெல்ப்லைனில் ஒரு அம்மா கிடைத்தார். "அழாதீங்க", "தைரியமா இருங்க" எதுவும் சொல்லவில்லை. "அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்றேன். எந்தக் கருவாடு என்றார். நெத்திலி. கத்திரிக்காய் போட்டா, மாங்காய் போட்டா? அப்பா செய்முறையை நான் முழுசாகச் சொல்லி முடித்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. அப்பா போனதிலிருந்து நான் அழுதது அன்றுதான்.

* * *

மீண்டும் நான்:

கடலூர் தோழி, அந்த மே மாதம் எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தோல்வி மாதம். படுக்கை கேட்பவரிடம் எதைச் சொல்லித் தேற்றுவது? கையில் படுக்கை இல்லாதவன் சொல்லும் ஆறுதல் அவருக்கு அவமானமாகத்தான் இருந்திருக்கும். அப்போது லைனில் இருந்த எங்கள் ஆளிடம் ஒருவர் நேராகவே சொன்னார், "உங்க அக்கறைக்கு நன்றிங்க, லைனை விடுங்க, அடுத்த நம்பர் போடணும்."

இப்போதைய நிலவரம் கேட்டு இன்பாக்ஸில் வந்தவர்களுக்கு: 2022 அக்டோபரிலிருந்து 14416 இருக்கிறது. மத்திய அரசின் டெலி-மானஸ் எண். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலும் சரி, வெறுமனே தூக்கம் வராவிட்டாலும் சரி, கூப்பிடலாம். 104-உம் இருக்கிறது.

* * *

திருநெல்வேலியிலிருந்து:

அந்தப் பூச்சி தட்டின அண்ணன் என்ன ஆனார்? அதைச் சொல்லவே இல்லையே.

* * *

தெரியாதுங்க. நாங்களாக அவர்கள் வீட்டுக்குத் திரும்ப அழைக்கக் கூடாது என்பது எங்கள் அறையின் விதி. வண்டி போனதா என்று மட்டும் 108-இல் கேட்டேன். போய்விட்டது என்றார்கள். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது, யாரோ ரேஷன் கேட்டு.