எச்ஆர் பயிற்சியில் இருக்கிறேன், ஊர்க்காரர்கள் சம்பளச் சீட்டோடு வீட்டுக்கு வருகிறார்கள்

மூன்றாமாண்டு மாணவி, பத்தாங் பெர்ஜுந்தை:

வணக்கம். சிந்தோக் பல்கலைக்கழகத்தில் மனிதவள நிர்வாகம் (எச்ஆர்) படிக்கிறேன். தொழிற்பயிற்சிக்கு எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு பெரிய தோட்ட நிறுவனத்தின் வட்டார ஆபிஸில் இடம் கிடைத்தது, பேர் வேண்டாம். என்னோடு படிக்கிறவர்கள் பாதிப்பேர் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். ஒருத்தி நேர்காணல் அறையிலேயே உட்காருகிறாள், இன்னொருத்தி புது ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை பைல்தான். ஐசி (அடையாள அட்டை) நகல் இருக்கிறதா, வெளிநாட்டு ஆட்களின் பெர்மிட் எப்போது முடிகிறது, மருத்துவச் சோதனை ஆகிவிட்டதா, சேமநிதி எண் கணினியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்ற வேண்டும். பயிற்சி பாதி முடிந்துவிட்டது. அறிக்கையில் என்ன எழுதப் போகிறேன் என்றே தெரியவில்லை.

ஆனால் என்னை ரொம்பக் குழப்புவது வேறு. அப்பா அம்மா இரண்டு பேருமே தோட்டத்தில் வேலை செய்தவர்கள், இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம், சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் தோட்டத்துக் குடும்பங்கள்தான். "ஆபிஸ்ல இருக்கிற பிள்ளை" என்று தெரிந்ததும் சாயங்காலமானால் யாராவது சம்பளச் சீட்டை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சீட்டு முழுக்க மலாய், அதுவும் சுருக்கெழுத்து. நர்சரியில் வேலை செய்யும் ஒரு ஆண்டி போன மாதம் பொது விடுமுறையில் வேலைக்குப் போனாராம், அந்தக் காசு வந்திருக்கிறதா பார் என்றார். மறுநாள் ஆபிஸில் கணினியைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். திறக்கவில்லை, சேர்ந்த அன்றைக்கே ரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆண்டியின் முகத்தைப் பார்த்து "எனக்குத் தெரியாது ஆண்டி" என்று சொல்லவும் மனசு வரவில்லை. சிலர் பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்றும் கேட்கிறார்கள், அதற்கு நான் வாயே திறப்பதில்லை. சொந்தச் சீட்டைக் காட்டிக் கேட்பவர்களுக்கு விளக்கலாமா, கூடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எச்ஆர் அக்கா, ஷா ஆலம்:

தங்கச்சி, நீ கணினியைத் திறக்காமல் இருந்தது நூற்றுக்கு நூறு சரி. யார் எப்போது எந்தப் பதிவைப் பார்த்தார்கள் என்று பெரும்பாலான சம்பள மென்பொருளில் தடம் இருக்கும், கொடுத்த வேலைக்குத் தவிர வேறு எதற்கும் ஒருவருடைய பதிவைத் திறக்காதே. ஆனால் ஆண்டி கையில் இருக்கும் சீட்டு ஆண்டியுடையது. அவருக்கு அச்சடித்துக் கொடுத்ததை அவருக்கே வாசித்துச் சொல்வதில் யாருடைய ரகசியமும் வெளியே போகவில்லை.

பொது விடுமுறை விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1955 வேலைச் சட்டப்படி அந்த நாளுக்குரிய விடுமுறைச் சம்பளம் போக, வேலை செய்ததற்கு இரண்டு நாள் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மாதம் 1,700 ரிங்கிட் என்றால் 26-ஆல் வகுத்து ஒரு நாளுக்கு 65.38, ஆகவே 130.76 ரிங்கிட் தனி வரியாகச் சீட்டில் தெரிய வேண்டும். ஒன்று கவனி, நிறுவனம் அந்த விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு வராது. அதனால் "உங்களுக்குக் காசு வரணும்" என்று நீயாக முடிவு சொல்லிவிடாதே. எந்தத் தேதி, யார் வேலைக்கு அனுப்பினார்கள், எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, சம்பளக் கிளார்க்கிடம் அவரையே போய்க் கேட்கச் சொல். பலர் கேட்கப் போகாததற்குக் காரணம் எப்படிக் கேட்பது என்று தெரியாததுதான், அந்தத் தாள் கையில் இருந்தால் தைரியம் வரும்.

இன்னொன்று, இப்படி வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று உன் மேற்பார்வையாளரிடம் நீயே சொல்லிவிடு. வேறு யாராவது போய்ச் சொல்வதற்கு முன்னால்.

ஊர்க்காரன், கோலா சிலாங்கூர்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அக்கா ஷா ஆலமில் இருக்கிறார், அங்கே பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. நம்ம ஊர் அப்படியா? இன்றைக்கு நீ ஒரு ஆண்டிக்குச் சீட்டை வாசித்துக் காட்டினால் நாளைக்குக் காலையில் பெரட்டில் (வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடத்தில்) "ஆபிஸ் பிள்ளையே சொல்லிட்டா, காசு வரணுமாம்" என்று பேச்சு ஓடும், மண்டோர் (கங்காணி) காதுக்குப் போகும், மத்தியானத்துக்குள் மேனேஜர் மேசைக்குப் போகும். உனக்கு மதிப்பெண் போடப் போவது அந்த ஆபிஸ்தான். என்னைக் கேட்டால் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசாதே, ஆபிஸில் வந்து கேளுங்கள் என்று மட்டும் சொல்.

அப்புறம், பயிற்சிக்கு வந்த பிள்ளையைப் பைல் அடுக்கவே வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்? ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டிய வேலையை அலவன்ஸ் காசில் முடித்துக்கொள்கிறார்கள். பயிற்சிக் குறிப்பேட்டில் உள்ளதை உள்ளபடி எழுது, பல்கலைக்கழகத்திலிருந்து உன்னைப் பார்க்க வரும் விரிவுரையாளரிடம் அதைக் காட்டு. கேட்காமல் எதுவும் மாறாது.

பழைய கிராணி, பீடோர்:

பிள்ளை, நான் ரப்பர் காலத்திலும் செம்பனைக் காலத்திலும் தோட்டத்து ஆபிஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்ன ஊர்ப்பேச்சு உண்மைதான், ஆனால் பைல் வேலையை லேசாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

தோட்டத்தில் ஓர் ஆளின் சம்பளம் விடியற்காலைப் பெரட்டில் தொடங்குகிறது. மண்டோர் பேர் போடுகிறார், யார் எந்த நிரை, எத்தனை குலை வெட்டினார், உதிரிப் பழம் எவ்வளவு பொறுக்கினார் என்று அவருடைய புத்தகத்தில் ஏறுகிறது, அங்கிருந்து செக்ரோலுக்கு (ஆபிஸின் சம்பளப் பதிவேட்டுக்கு) வருகிறது, செக்ரோலிலிருந்துதான் சீட்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அது கடைசியில் அந்த ஆளின் அரிசிக் காசு. ஆகவே ஆண்டியின் பொது விடுமுறைக் கணக்கை முதலில் மண்டோர் புத்தகத்தில்தான் தேட வேண்டும், கணினியில் தேடினால் ஏற்றியது மட்டும்தான் தெரியும்.

இனி அந்தப் பைல். 1,700 ரிங்கிட் சம்பளக்காரரிடம் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் பிடிக்கிறார்கள், முதலாளி 13 விழுக்காடு, 221 ரிங்கிட் போடுகிறார். மாதம் 408 ரிங்கிட். வாழ்நாள் முழுக்கப் பழம் வெட்டிய ஆளுக்குக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் இது ஒன்றுதான். தோட்டத்தில் எல்லாரும் ஒரு பேரில் கூப்பிடுவார்கள், ஐசியில் வேறு பேர் இருக்கும், பழைய பைலில் யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியது மூன்றாவதாக ஒன்று இருக்கும். ஐசி எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலே போதும், பணம் எடுக்கப் போகும் நாளில் பிரச்சினை தொடங்கும். நீ இப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறாயே, அது இதற்காகத்தான்.

பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வெட்டுக்காரர் ஒருவர், கல்யாணத்துக்கு முன்னால் சேமநிதியில் வாரிசாக அம்மா பேரைக் கொடுத்திருந்தார். அம்மா தவறிவிட்டார். இவருக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். வாரிசுப் பேரை மாற்ற வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, ஆபிஸில் யாரும் கேட்கவும் இல்லை. திடீரென்று அவர் போய்ச் சேர்ந்தபோது, வாரிசுப் பேரே இல்லாத கணக்கு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்துச் சேமநிதி ஆபிசுக்கும், இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயாவுக்கும் அலைந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். பணம் வந்தது, ஆனால் அதற்குள் கடன் ஏறிவிட்டது. ஆபிஸில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், "வாரிசுப் பேரை மாத்திட்டீங்களா?" என்று கேட்டிருந்தால் போதும்.

மூன்றாமாண்டு மாணவி, பத்தாங் பெர்ஜுந்தை:

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், உடனே தன்னுடைய வாரிசுப் பேர் என்ன ஆனது என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். கோபப்படவில்லை. வீட்டில் வேண்டாம், சம்பள நாளுக்கு மறுநாள் ஆபிஸ் முன்கூடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார், சீட்டோடு வருபவர்களுக்குத் தமிழில் விளக்கு, கணக்கில் சந்தேகம் இருந்தால் சம்பளக் கிளார்க்கிடம் அழைத்துப் போ என்றார். பைல் வேலையும் தொடரும். நர்சரி ஆண்டியிடம் சொல்லிவிட்டேன், தேதியை எழுதித் தாளைத் தயாராக வைத்திருக்கிறார். வாரிசு விஷயத்தையும் அந்த மேசையிலேயே கேட்கலாமா? ஆபிஸே மாற்றிக் கொடுக்க முடியுமா?

எச்ஆர் அக்கா, ஷா ஆலம்:

கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் ஆபிஸ் மாற்றிக் கொடுக்க முடியாது, அது உறுப்பினர் தானே செய்ய வேண்டியது. ஐசியோடு சேமநிதி ஆபிசுக்குப் போனால் முகப்பிலேயே முடித்துவிடலாம். யாரை வாரிசாகப் போட்டிருக்கிறீர்கள் என்று நீ கேட்காதே, அது அவர்கள் வீட்டு விஷயம். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அதற்குப் பிறகு வீட்டில் கல்யாணமோ சாவோ நடந்ததா என்று மட்டும் கேள், மீதியை அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.

சொக்சோவையும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) சேர்த்துச் சொல். மோட்டாரில் வேலைக்குப் போகிற வழியில் விழுந்தாலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு, முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தோட்டத்தில் பாதிப்பேர் கீழே விழுந்தால் மருந்து போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள், யாரிடமும் சொல்வதில்லை.

சீட்டில் வரும் மலாய்ச் சுருக்கெழுத்துகளுக்கு ஒரு பக்கத்தில் தமிழ் விளக்கம் எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டு, அவர் கையெழுத்துப் போட்டதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டு. ஒரு நகலை அறிக்கையோடு இணைத்துவிடு.

ஊர்க்காரன், கோலா சிலாங்கூர்:

ஆபிஸிலேயே மேசை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேற்பார்வையாளர் வாயால் சொன்னதை மின்னஞ்சலிலும் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள் தங்கச்சி. எங்கள் தோட்டத்திலும் இப்படி ஒன்று வைக்கச் சொல்லி நான் கேட்கப் போகிறேன். அந்தத் தமிழ்ப் பக்கம் தயாரானதும் இங்கே போடு.