சாயக்கழிவு உப்பைப் பிரிக்கும் கருவி: விதை நிதி வாங்கினவங்க வழி சொல்லுங்க

வணக்கம்ங்க, திருப்பூர்ல இருந்து எழுதறேன். 2011ல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, கழிவுநீரை வெளியே விடாம சுத்திகரிக்கிறாங்க. ஆனா மிஞ்சற கலப்பு உப்பு மூட்டை மூட்டையா கொட்டகையில கிடக்குது. மழைக்காலத்துல தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டும். அதுல இருந்து சாயத்துக்கே திரும்ப ஆகற உப்பைப் பிரிக்க நானும் தம்பியும் ஒரு கருவி செஞ்சிருக்கோம். வாளி அளவுல நல்லா வருது. பட்டறையில ஓட்டிக் காட்டப் பணம் வேணும்.

புதுக் கம்பெனிகளுக்கு மத்திய அரசு ஆரம்பப் பணம் தர்ற ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில சோதனைக்கு 20 லட்சம் வரை மானியம் உண்டு. கம்பெனி பதிஞ்சு 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். எங்களுக்கு 5 மாசம்தான் பாக்கி. இந்த நிதியை இன்குபேட்டர் (புதுக் கம்பெனிகளை வளர்த்து விடற அமைப்பு) வழியாத்தான் தர்றாங்க; 3 இன்குபேட்டர் வரை தேர்வு செய்யலாம். எதை முதல்ல போடறது? கழிவுநீர் வேலை தெரிஞ்சவங்க எங்க இருக்காங்க? வாங்கின அனுபவம் இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.