கோவளம் பக்கம் புது வீடு: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல, ஈசிஆர்லேர்ந்து கடல் பக்கமா ஒரு புது வீடு பார்த்திருக்கோம். மொட்டை மாடியில நின்னா கடல். அம்மா அதைப் பார்த்ததுமே முடிவு பண்ணிட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் வரல.

மொத்தம் 12 வீடு. ரெராவுல, அதாவது வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கிற ரியல் எஸ்டேட் ஆணையத்துல, பதிவு பண்ணலையான்னு கேட்டா, "எட்டுக்கு மேல போனாத்தான் சார் பதிவு, நாங்க ஆறு ஆறா ரெண்டு கட்டமா கட்டுறோம்"ங்கிறார் பில்டர். ஆனா 2016 ரெரா சட்டத்துல எல்லாக் கட்டத்தையும் சேர்த்துத்தான் எண்ணணும்னு இருக்கு. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?

அடுத்தது சிஆர்இசட், அதாவது கடலோரத்துல கட்டடம் கட்டக் கட்டுப்பாடு இருக்கிற மண்டலம். இடம் உயர் அலைக் கோட்டிலேர்ந்து (அலை ஏறி வர்ற எல்லை) 500 மீட்டருக்குள்ள வருது. அதுக்கான அனுமதி எங்கேன்னு கேட்டா, பஞ்சாயத்து அப்ரூவல் நகலை நீட்டுறாங்க. "பாங்க்லயே லோன் தர்றாங்களே"ன்னு ஒரு பதில் வேற. சர்வே எண்ணை வெச்சு கடலோர மண்டல வரைபடத்துல எப்படிப் பார்க்கிறது?

வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டாச்சு, சுத்தம். பட்டாவும் சரி.

கட்டி ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள ஜன்னல் கிரில்ல துரு. போர் தண்ணி வாயில வைக்க முடியல, அவ்வளவு உப்பு. அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க தண்ணிக்கு என்ன பண்றீங்க, லாரியா? ஏசியோட வெளி யூனிட் எத்தனை வருஷம் தாங்குது?

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார். செங்கல்பட்டுப் பக்கம் நல்ல சொத்து வக்கீல் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.