அந்தப் பத்து நொடி நாம் கூப்பிடுவது பிள்ளைக்குக் கேட்குமா?

பெரம்பூர் அம்மா:
மகளுக்கு ஏழு வயது. சாப்பிடும்போது இட்லித் துண்டோடு கை பாதியில் நின்றுவிடும், கண் எங்கோ வெறித்திருக்கும், இமை மட்டும் லேசாகத் துடிக்கும். பத்து நொடிதான். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல வாயில் போட்டுக்கொள்வாள். ‘கவனமே இல்லை’ என்று பள்ளியில் ஒரு வருஷமாகத் திட்டு, நானும் திட்டியிருக்கிறேன், நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்த பிறகுதான் ஆப்சென்ஸ் வலிப்பு, அதாவது கை கால் இழுக்காமல் சில நொடி நினைவு தப்பும் வலிப்பு, என்று தெரிந்தது. ஆனால் ஒருநாள் விரலால் தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள், கண் வெறித்த பிறகும் தாளம் நிற்கவில்லை. அப்படியானால் நான் கூப்பிட்டதும் கேட்டிருக்குமா?

இஇஜி டெக்னீஷியன், எழும்பூர்:
அக்கா, நீங்கள் பார்த்தது சரிதான். இஇஜி எடுக்கும்போது சின்னப் பிள்ளைகளிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் ஊதச் சொல்வோம், மருந்து தொடங்காத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த வேகமான மூச்சிலேயே வலிப்பு வந்துவிடும். அப்போது இஇஜி பதிவில் நொடிக்கு 3 என்ற கணக்கில் கூர்முனையும் அலையும் தலை முழுக்க ஒரே நேரத்தில் ஓடும். 1935இல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதிவைத்த அதே வடிவம். மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸும் மேலே இருக்கும் கார்ட்டெக்ஸும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு அந்தத் தாளத்தில் மாட்டிக்கொள்கின்றன. ஆனால் எல்லா வலிப்பும் ஒரே அளவுக்கு நினைவைப் பறிப்பதில்லை. இஇஜியையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழுவின் 2016 ஆய்வில், அலைகள் பெரிதாக இருந்த வலிப்புகளில்தான் பிள்ளைகள் பதில் தராமல் போனார்கள், சிறிதாக இருந்தவற்றில் கொடுத்த வேலையைத் தொடர்ந்தார்கள். திரும்பத் திரும்பத் தட்டுவது போன்ற எளிய வேலை தாக்குப்பிடிக்கும், யோசித்துச் செய்வது சீக்கிரம் விழுந்துவிடும். அதனால் தாளம் ஓடியது என்பதற்காகப் பேச்சும் உள்ளே போனது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வேளச்சேரி அப்பா:
பெரம்பூர் சிஸ்டர், வலிப்பு வரும்போது மெதுவாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், முடிந்ததும் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். டாக்டர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். என் பையனுக்கு எத்தோசக்சிமைடு என்ற மருந்து. 2010இல் வந்த பெரிய ஆய்வில் அது வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து அளவுக்கே வேலை செய்தது, கவனத்தைக் கெடுப்பது மட்டும் குறைவு. எந்த மருந்தானாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் அலையில் தனியாக விடவே கூடாது, பத்து நொடி அங்கே ரொம்ப நேரம்.

பெரம்பூர் அம்மா:
நேற்று ராத்திரி ‘மயில்’ என்று காதருகே சொன்னேன். முடிந்ததும் கேட்டால், ‘நீ எப்போம்மா சொன்னே?’ என்று என்னையே பார்க்கிறாள். டாக்டரிடம் கடிதம் வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை அவள் வகுப்பு டீச்சரைப் பார்க்கப் போகிறேன்.